மருமகனின் ஊர்ப் பேச்சு

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் இன்னாசிமுத்து வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாவு மில் மட்டும்தான் இருந்தது. நான் ஆல்வின், பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். இன்னாசி ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் வேலை பார்த்தார். கேரளத்துக்குப் போகிற லாரிகளில் லோடு ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. இருட்டோடு பஸ் ஏறிப் போய், மதியம் தாண்டித்தான் திரும்புவார். தலைமுடியில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் அவருக்கு வாய்த்த காது எங்கள் கோயில் பங்கில் யாருக்கும் இல்லை. பாலக்காட்டு டிரைவர் வந்தால் பாலக்காட்டு மலையாளம், கோழிக்கோட்டுக்காரர் வந்தால் கோழிக்கோட்டு மலையாளம். பழனிப் பக்கத்து விவசாயி தக்காளிக் கூடையோடு இறங்கினால், "ஏனுங்க, இன்னிக்கு நேரமாயிப் போச்சுங்களா?" என்பார். ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் எங்கள் பங்குச் சாமியாரைப் போலவே பிரசங்கம் வைத்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சாமியாரே கண்ணீர் வரச் சிரித்தார். யாரையும் ஒருமுறை கேட்டால் போதும், அவர் வாயில் அந்த ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவருக்கு ஒரே தங்கை, அமலோற்பவம். வீட்டில் அமலி. அப்பா சூசைராஜ் சீக்கிரமே போய்விட்டதால் இன்னாசிதான் அவளை வளர்த்துப் படிக்க வைத்தார். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்தாள். சவுதியில் கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு இங்கிலாந்தின் வடகோடியில் நியூகாசில் என்ற ஊருக்கு வேலைக்குப் போனாள். அங்கே கிரெயிக் என்ற பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போனில் சொன்னபோது, இன்னாசிக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்ததாம். "நல்லவனா தாயி?"

"நல்லவரு அண்ணே."

"அப்பச் சரி."

தொண்ணூற்றைந்தில் பையன் பிறந்தான். அப்பாவின் பெயரையே வைத்தாள். நமக்குச் சூசை என்றால் அவர்களுக்கு ஜோசப்.

இன்னாசிக்கும் அவர் மனைவி செபாஸ்தியம்மாளுக்கும் பிள்ளையில்லை. அதனால் அமலி மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்த அந்த ஒரு மாதம், அந்த வீடு வேறு வீடாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். பையன் வீறிட்டு அழுதான். இன்னாசியும் கூடவே அழுதார். ஊருக்குப் போகும்போது பையனுக்கு 'மாமா', 'தண்ணி', 'வேணாம்' என்று மூன்று நான்கு வார்த்தைகள் வந்திருந்தன.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. இரண்டாயிரத்தில் மார்பில் கட்டி என்றாள். ஆபரேஷன் ஆகிவிட்டது, பயமில்லை என்றாள். மறு வருடம் தவக்காலம் தொடங்கும் முன்பே கிரெயிக்கிடமிருந்து போன் வந்தது. மாவு மில்காரர் வீட்டு போன். நான்தான் பேசினேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தை புரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

இன்னாசியிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அடக்கம் அங்கேயே நடந்தது. இங்கே பூசை வைத்து, படத்துக்கு மாலை போட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா போன வாரம் பேசுனா சார். 'அண்ணே, பயலுக்கு நம்ம ஆளுக இங்க இருக்கோம்னு தெரியணும், போன் பேசுறத மட்டும் விட்றாதீங்க'ன்னா. எனக்கு அவன்கிட்ட என்ன பேசத் தெரியும்? நான் அமலிகூடத் தமிழ்ல பேசுவேன். அவ அவன்கிட்டச் சொல்லுவா. நடுவுல இருந்தவ போய்ட்டாளே."

பேகம்பூரில் ஜெய்தூன் பீவி என்ற அம்மாள் ஒரு டெலிபோன் பூத் வைத்திருந்தார். வெளிநாட்டுக்கு அங்கே லைன் நன்றாகக் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னாசி என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம்.

மணி அடித்தது. ஒரு சின்னக் குரல் எடுத்தது.

"மாப்ள! மாமா பேசுறேன். ஹவ் ஆர் யூ? ஈட்டிங் ஓவர்?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. இன்னாசி மறுபடியும் சொன்னார். இந்த முறை கொஞ்சம் உரக்க. அப்போது பையன் திரும்பிக் கத்தியது எனக்கே கேட்டது.

"டாட்! இட்ஸ் தட் மான்! ஆ கான்ட் டெல் வாட் ஹீஸ் ஆன் அபூட்!"

அந்த ஆள்தான், என்ன சொல்றாருன்னே புரியல என்று அப்பனிடம் சொல்கிறான். இன்னாசி போனை என்னிடம் தள்ளினார். நான் வகுப்பில் பேசுகிற ஆங்கிலத்தில், உன் மாமா உன் நலம் விசாரிக்கிறார் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பையன் ரிசீவரை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டான். கிரெயிக் வந்தார். அவர் பேசியதிலும் ஹலோ, சாரி தவிர எனக்கு அதிகம் பிடிபடவில்லை. பிறகு லைன் அறுந்தது.

திரும்பி நடக்கும்போது இன்னாசி கேட்டார். "உங்களுக்குமா புரியல சார்?"

"பாதிகூட இல்ல இன்னாசி. நாங்க படிச்சது வேற. அவங்க ஊர்ப் பேச்சு வேற."

கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டார். "அப்ப நம்ம பேச்சு அவனுக்குச் சத்தம் மாதிரிதான கேக்கும்? ஏதோ ஒரு ஆளு போன்ல கத்துறான்னு நெனைப்பான். பயந்துருவான் சார் பச்சப்புள்ள."

அந்த வாரத்தில்தான் அவர் கேசட்டை எடுத்தார். அமலி ஒரு கிறிஸ்துமஸுக்கு அனுப்பியது. பையன் பாட்டுப் பாடுகிற இடம் வரை போட்டுக் கேட்டு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின்னால் அரைமணி நேரம் வீட்டுப் பேச்சுதான். பண்டிகை நாளில் டேப்பை ஓடவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள். பையன் பொம்மை பஸ் ஓட்டுகிறான், கிரெயிக் ஏதோ தேடுகிறார், அடுப்படியிலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். அத்தனையும் ஆங்கிலம். இன்னாசி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கூம் ஹியா, பெட். கிவ் யோர் மாம் எ ஹான்ட்."

"இது யாரு சார்?" என்றார்.

எனக்கும் முதலில் தெரியவில்லை. யாரோ அந்த ஊர்ப் பெண் என்று நினைத்தேன். இன்னாசிதான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, சட்டென்று டேப்பிலிருந்து கையை எடுத்தார்.

"அமலி சார்."

இங்க வா, அம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு என்று மகனைக் கூப்பிடுகிறாள். ஏழெட்டு வருடத்தில் அந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடும் வீட்டில் புருஷனோடும் பேசிப் பேசி வந்தது. நம்மிடம் தமிழில் பேசும்போது அதன் சாயலே இருக்காது. தன் தங்கைக்கு இப்படி ஒரு குரல் இருந்தது இன்னாசிக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்படித்தான் தொடங்கியது. மார்க்கெட்டிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, டேப் முன்னால் உட்காருவார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அதுவே உதவியாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் 'அபவுட்' என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன், அதனால் எனக்கு அது தப்பாகக் கேட்டது. அவருக்கு அது 'அபூட்' மட்டும்தான். டவுன் 'டூன்', ஹவுஸ் 'ஹூஸ்', பஸ் 'புஸ்', கப் 'குப்'. அவர் அப்படியே சொல்லிக் காட்டுவார், நான் யோசித்து அர்த்தம் சொல்வேன். எனக்குத் தெரியாத சொற்களை ஒரு பழைய அகராதியில் தேடுவேன். 'பெட்' என்று அமலி மகனைக் கூப்பிடுவதைக் கேட்டு, "புள்ளைய ஏன் சார் நாய்க்குட்டிங்கறா?" என்று வருத்தப்பட்டார். அது செல்லம், நாம் 'தங்கம்' என்கிற மாதிரி என்று விளக்கினேன். 'ஆ டிவென்ட் நா' என்றால் 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

"அவங்க ஊர்ல இது 'ஏனுங்க' மாதிரி சார்" என்றார் ஒருநாள். "பழனிக்காரன்கிட்ட 'ஏனுங்க'ன்னு ஆரம்பிச்சாத்தான் மொகம் கொடுத்துப் பேசுவான். நம்மூருப் பேச்சு பேசுனா, யாரோ வெளியூர்க்காரன்னு தள்ளியே நிப்பான்."

மார்க்கெட்டில் மூட்டை எண்ணும்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்குமாம். சுமை தூக்குகிறவர்கள் 'துரை' என்று பெயர் வைத்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் போனில் பேச்சு நீளத் தொடங்கிவிட்டது. முதலில் இரண்டு வார்த்தை, பிறகு இரண்டு நிமிடம். பையன் கால்பந்தைப் பற்றிச் சொன்னான். இன்னாசி லாரிகளைப் பற்றிச் சொன்னார். ஒரு லாரியில் எத்தனை முட்டைக்கோஸ் போகும் என்று பையன் கேட்டான். மலையேறிக் கேரளத்துக்குள் இறங்கும் வழியில் யானை வருமா என்று கேட்டான். வரும் என்றார் இன்னாசி. வராவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஜெய்தூன் பீவி கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "அந்தப் புள்ள சிரிக்கிற சத்தம் என் வரைக்கும் கேக்குது பாய்" என்றார் ஒருமுறை. கிறிஸ்தவரானாலும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசி குழப்பத்தோடு வந்தார். "சார், 'டெல் அஸ் அபூட் மீ மாம்'னு கேக்குறான். எங்கம்மாவப் பத்தி எங்களுக்குச் சொல்லுங்கன்னு. கிரெயிக்கும் பக்கத்துல இருக்காருன்னு நெனச்சு, கொஞ்சம் கூச்சப்பட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன்."

கேசட்டில் அதே மாதிரி ஓர் இடம் இருந்தது நினைவுக்கு வந்தது. பையன் மட்டும் தனியாக ஒரு பிஸ்கட் கேட்கிறான், 'எங்களுக்கு' என்று. அந்த ஊரில் 'எனக்கு' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்றேன்.

இன்னாசி எழுந்து நின்றார். "அப்ப அவன் ஒத்தையாத்தான் கேட்டானா?"

அடுத்த வாரம் சொன்னார். அதற்கடுத்த வாரமும். ஆயக்குடித் தோப்பில் கொய்யா திருடப்போய் அமலி மரத்தில் மாட்டிக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் அமலி ஒரு பையனின் கையைக் கடித்தது, மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைப் படுக்கையில் ஒளித்து வைத்தது. எல்லாவற்றையும் அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். அவர் சொல்லும்போது பையன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்குமாம். முடிந்ததும் சில சமயம் ஒன்றும் சொல்லாமலே போனை வைத்துவிடுவானாம்.

வீட்டில் செபாஸ்தியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனுஷி. அமலியைத் தன் பிள்ளை மாதிரி பார்த்தவர். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதே வெடித்துவிட்டார். இன்னாசி டேப்போடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அமலியின் குரலும் அவர் குரலும் ஒரே ஏற்றத்தில் ஏறி ஒரே இறக்கத்தில் இறங்கின. செபாஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து டேப்பை அமுக்கி நிறுத்தினார்.

"போதுங்க. செத்தவ கொரல வாய்ல வாங்கிக்கிட்டுத் திரியிறீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. நீங்களே சொல்லுங்க சார், இது நல்லதுக்கா?"

"புள்ளைக்காகத்தான செபாஸ்தி" என்றார் இன்னாசி.

"அந்தப் புள்ளைக்கு மட்டும் இது எப்படி இருக்கும்னு நெனச்சீங்களா?"

அந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் காதில் சரியாக வாங்கவே இல்லை என்று பின்னால் தோன்றியது.

இரண்டாயிரத்து நாலில் கிரெயிக் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணின் ஊர் லண்டனுக்குத் தெற்கே. அங்கேயே குடிபோனார்கள். இன்னாசிக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. "ஆம்பள தனியா எத்தன நாளு புள்ளைய வச்சுச் சமாளிப்பான்?" என்றார். புதுப் பள்ளிக்கூடத்தில் தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று பையன் ஒருமுறை சொன்னான். சிரிக்கிறவனைக் கடித்துவிடு, உன் அம்மா மாதிரி என்றார் இன்னாசி. பையன் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பூத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"சார், 'பஸ்'னு சொன்னான் சார்."

"என்ன?"

"புஸ்ஸுன்னு சொல்லல. பஸ்ஸுன்னான். நீங்க சொல்ற மாதிரி. அவன் பேச்சு மாறுது சார்."

அந்தப் புதுப் பேச்சையும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கேசட் இல்லையே என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்கு இன்னும் கொஞ்சம் பக்கம், நான் சொல்லித்தருகிறேன் என்றேன். வகுப்பு எதுவும் நடக்கவில்லை. அதற்குள் போன் எடுப்பது குறைந்தது. எடுத்தாலும் பையன் விளையாடப் போயிருக்கிறான், தூங்குகிறான் என்று கிரெயிக்கின் புது மனைவி மரியாதையாகச் சொன்னாள். பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு மெஷின் சொன்னது. எழுதிப் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னாசிக்குப் போக இடமில்லாமல் போனது. பழக்கத்தில் பேகம்பூர் வரை நடந்து போவார். ஜெய்தூன் பீவி ஒரு நாற்காலி போடுவார். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்த பூத்தும் ஜெராக்ஸ் கடையானது. வீட்டில் கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்து, இழுத்து இழுத்துப் பேசியது. அது இழுக்கிற இடங்களையும் அவர் வாய் சரிசெய்து சொல்லும். பையன் என்றைக்காவது பேசுவான், அன்றைக்கு வாய் துருப்பிடித்திருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்டில் வந்தார்கள். கிரெயிக் எப்படியோ எங்கள் பங்குக் கோயில் நம்பரைப் பிடித்து, சாமியாரிடம் பேசி, தேதி சொல்லியிருந்தார். நாலு நாள் இருப்பார்கள். செபாஸ்தியம்மாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்தார். இன்னாசி தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். இந்த ஐந்து வருடத்தில் அவருக்குச் சர்க்கரை வந்து பாதி ஆளாகியிருந்தார்.

காரிலிருந்து பையன் இறங்கினான். பதினாலு வயது, என் தோளுக்கு மேல் உயரம். அமலியின் நெற்றி, அமலியின் புருவம். காதில் குத்தின அடையாளம் தூர்ந்திருந்தது. இன்னாசி வாசலில் நின்று, இரண்டு கையையும் நீட்டிச் சொன்னார்.

"ஹவே, பெட். கூம் ஹியா. லெட் அஸ் லுக் அட் யா."

வாடா தங்கம், இங்க வா, உன்ன நல்லாப் பாக்குறேன். அவ்வளவுதான் அர்த்தம். கேசட்டில் அமலி சொல்கிற அதே ஏற்றத்தில், அதே இழுப்பில் வந்தது.

பையன் காலடி எடுத்து வைத்தவன் நின்றுவிட்டான். முகம் வெளுத்துப்போனது. அப்பனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கார் கதவைத் திறந்து மறுபடி உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கிரெயிக் குனிந்து கண்ணாடி வழியாக ஏதோ சமாதானம் சொன்னார். நீட்டின கையை மடக்கத் தெரியாமல் இன்னாசி அப்படியே நின்றார்.

பையன் கடைசியில் உள்ளே வந்தான். மரியாதையாக வணக்கம் சொன்னான், செபாஸ்தியம்மாள் கொடுத்த காபியைக் குடித்தான், பிறகு பயணக் களைப்பு என்று அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் பேசிய ஆங்கிலம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நியூகாசில் அதில் எங்கேயும் இல்லை.

கிரெயிக் எங்கள் முன்னால் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டே பேசினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு அர்த்தம் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடிபடும் முன்பே இன்னாசியின் முகம் மாறிவிட்டது. அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கிரெயிக் சொன்னது இதுதான். ஆரம்பத்தில் மாமாவின் போன் பையனுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு, அவர் நன்றாகப் பேசப் பேச, போன் வைத்ததும் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வான். இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான். படுக்கையை நனைப்பான். மாம் ஏன் ஆம்பளைக் குரலில் பேசுகிறாள் என்று ஒருமுறை கேட்டான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போன் பக்கத்திலேயே காத்திருப்பான். டாக்டர்தான், கொஞ்ச காலம் இதை நிறுத்திப் பாருங்கள் என்றார். உங்களிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நான் கோழை, மன்னித்துவிடுங்கள் என்றார் கிரெயிக்.

இன்னாசி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "புள்ளைய அழ வச்சிருக்கேன் சார், மூணு வருசம்" என்றார் என்னிடம்.

மறுநாளிலிருந்து பையனிடம் தமிழிலேயே பேசினார். "சாப்டு மாப்ள." "வெயில்ல நிக்காத." "வா போவோம்." கையைக் காட்டினால் புரிந்துகொள்கிற பேச்சு. பையன் கொஞ்சம் கொஞ்சமாக இளகினான். ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப்போனார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பையன் போட்டோ எடுத்தான். சுமை தூக்குகிறவர்கள், "துரை, மருமகனா? இங்கிலீசு அவுத்து விடுங்க, கேப்போம்" என்று கூப்பிட்டார்கள். இன்னாசி கேட்காதது மாதிரி நடந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது பையன் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். மாமாவிடம் ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் சொல்ல வேண்டும் என்றான். தன் அம்மா இங்கிலீஷில் பேசுவது தனக்கு நினைவிருக்கிறது, வேண்டாம் என்றாலும் நினைவிருக்கிறது. ஆனால் இந்த வீட்டில், சின்ன வயதில், அவள் தமிழில்தானே பேசியிருப்பாள். அது எப்படி இருக்கும்? மாமா எல்லாரையும் போலப் பேசிக்காட்டுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா தமிழில் பேசுகிற மாதிரி பேசிக்காட்டுவாரா?

நான் சொன்னேன். இன்னாசியின் முகத்தில் அந்த மூன்று நாளில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டார், யாரையும் பிடிக்கும் முன் அப்படித்தான் செய்வார்.

"அண்ணே..." என்றார்.

நிறுத்தினார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும், "அண்ணே, எங்க போய்ட்டு..." அது அமலி இல்லை. எனக்கே தெரிந்தது. கடைசி எழுத்து மேலே ஏறி அந்த ஊர் இழுப்பில் போய் விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். வியர்த்தது. கண்ணைத் திறந்து செபாஸ்தியம்மாளைப் பார்த்தார்.

"எப்படிப் பேசுவா செபாஸ்தி? என்னைய எப்படிக் கூப்புடுவா?"

"எப்பவும் போலத்தாங்க. 'அண்ணே'ன்னு."

"எப்படி? கொரலு எப்படி இருக்கும்?"

செபாஸ்தியம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குரலை எப்படிச் சொல்வது?

வீட்டில் அவள் தமிழ்க் குரல் எதிலும் பதிவாகவில்லை. போனில் பேசியதெல்லாம் காற்றோடு போனது. இருந்த ஒரே இடம் அவர் காதுதான். எட்டு வருடமாக அதன் மேலேயே அந்தக் கேசட்டை ஓட்டி ஓட்டி, அடியில் இருந்தது அழிந்துவிட்டது.

"வரல சார்" என்றார். "எம் புள்ளைட்டச் சொல்லுங்க, மாமாவுக்கு வரலைன்னு."

நான் சொன்னேன். பையன் தலையசைத்தான். பரவாயில்லை என்றான். செபாஸ்தியம்மாள் அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். உங்கம்மா இந்த இடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள், தொட்டுக்க வெஞ்சனம் இல்லாமல் சோறு இறங்காது என்று சைகையும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இன்னாசி எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் அங்கே குழாய் ஓடுகிற சத்தம் வந்தது.

நாலாம் நாள் அவர்களை ரயிலேற்றினோம். பையன் மாமாவைக் கட்டிக்கொண்டான், அவர்கள் வழக்கப்படி, ஒரு கையால். இன்னாசி அவன் நெற்றியில் சிலுவை போட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செபாஸ்தியம்மாளின் செல்போனுக்கு அவன் கூப்பிட்டான். நான் கேக் கொடுக்கப் போயிருந்தேன். இன்னாசி போனைக் காதில் வைத்து, அவன் சொல்வதை எல்லாம் கேட்டார். பரீட்சையைப் பற்றி, குளிரைப் பற்றி. ம், ம் என்றார். "நல்லாப் படி மாப்ள" என்றார். பிறகு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் லோடு ஏற்ற வேண்டும், இருட்டோடு கிளம்பணும் என்று என்னிடம் சொல்லி, விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்துக்கொண்டார்.